பி. சீனிவாசராவுக்கு ஒரு கல்வெட்டு: அதில் என்ன எழுதுவது?

செப்டம்பர் 2

வாசகர் ஒருவரின் கேள்வி: "விவசாயத் தொழிலாளர் தலைவர் பி. சீனிவாசராவின் நினைவு நாளான செப்டம்பர் 30-க்குள் உங்கள் ஊரில் அவர் பெயரில் கல்வெட்டு வைக்கப் போவதாகச் சொன்னீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அவர் கன்னடத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். கம்யூனிஸ்ட் கட்சி அனுப்பித் தஞ்சைக்கு வந்தவர். சாட்டையடி பட்டதும் சாணிப்பால் குடித்ததும் உங்கள் பாட்டன்மார். அவர்களுடைய பெயர் ஒன்றுகூடக் கல்லில் இல்லாமல், வெளியிலிருந்து வந்தவருக்கு மட்டும் விழா எடுப்பது எந்த வகையில் மரியாதை?"

செப்டம்பர் 3

கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதில்தான் எனக்கு வேறு கருத்து.

முதலில் அவர் வந்த ஊர் எப்படி இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். இன்று திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களாக இருக்கும் கீழத்தஞ்சையில் நிலம் மிராசுதார்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. பண்ணையாளுக்குத் தன் குடிசை நின்ற மண்கூடச் சொந்தமில்லை. கல்யாணத்துக்கு வாங்கிய கடன் மகன் தலையிலும் ஏறி, அவனும் அதே பண்ணையில் மாடு மேய்க்கத் தொடங்குவான். வேலைக்குப் பிந்தி வந்தால் சவுக்கடி. எதிர்த்துப் பேசினால் சாணத்தைக் கரைத்துக் குடிக்கச் சொல்வார்கள். காலில் செருப்பு இல்லை, தோளில் துண்டு இல்லை. 1943-இல் சீனிவாசராவ் வந்து சேர்ந்த இடம் இதுதான். அதற்கு முன்பே அவர் சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியலில் போலீசாரிடம் கடுமையாக அடிபட்டவர். சிறையில் கம்யூனிஸ்ட் தலைவர் அமீர் ஹைதர் கானுடன் ஏற்பட்ட பழக்கத்தால் பொதுவுடைமை இயக்கத்துக்கு வந்தவர். தென்பரையில், மடத்து நிலத்தை உழுதுகொண்டிருந்தவர்களிடையே விவசாயிகள் சங்கத்தின் முதல் கிளை தொடங்கியது. மறு ஆண்டு, 1944-இல், களப்பால் மன்னார்குடி ஒப்பந்தத்தில் சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்படும் என்று மிராசுதார்கள் கையெழுத்திட்டார்கள்.

ஒரே ஆண்டு. தலைமுறை தலைமுறையாக நடந்துவந்த ஒன்று, ஓராண்டுச் சங்கத்துக்குப் பின் காகிதத்தில் நிறுத்தப்பட்டது. அந்த ஓராண்டுக்காகவாவது அவர் பெயர் கல்லில் இருக்கலாம் என்பதே என் முதல் பதில்.

செப்டம்பர் 4

நேற்று அவசரத்தில் "களப்பால் மன்னார்குடி ஒப்பந்தம்" என்று ஒன்றாக எழுதிவிட்டேன். அவை இரண்டு. முதலில் களப்பாலில் ஏற்பட்டது, பிறகு மன்னார்குடியில் ஏற்பட்டது, இரண்டுமே 1944. இந்த வேறுபாட்டை நான் கறாராகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஓர் ஊரில் பெற்றதை அடுத்த ஊருக்கும் உரிமையாக்குவதற்குத் தனியாக ஒரு போராட்டம் தேவைப்பட்டது என்பது இந்த இரண்டு பெயர்களையும் பிரித்து எழுதினால்தான் தெரியும்.

செப்டம்பர் 4, இரவு

கல்வெட்டுக்கு முன்பாகவே ஃபிளெக்ஸ் வந்துவிட்டது. அதில் "சீனிவாசராவ்" என்று ஒரு வரியிலும் "ஸ்ரீநிவாசராவ்" என்று இன்னொரு வரியிலும் இருக்கிறது. கீழே வாழ்த்துவோர் பட்டியலில் இருபத்திரண்டு படங்கள். தலைவர் படம் அவற்றில் ஒன்றைவிடச் சற்றே பெரியது. கல்லில் செதுக்குபவருக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி என்பதால், குறைந்தபட்சம் அங்கே பெயர் ஒரே மாதிரி வரும் என்று நம்புகிறேன்.

செப்டம்பர் 7

என் அப்பாயியைப் பற்றிச் சொல்லாமல் இதைத் தொடர முடியாது. அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகின்றன. சங்கம் ஊருக்குள் வந்தபோது அவருக்குப் பதினெட்டோ பத்தொன்பதோ இருக்கும், நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர். சீனிவாசராவ் என்ற பெயரை அவர் சொல்லி நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வேறு எந்தத் தலைவர் பெயரையும் சொன்னதில்லை. ஆனால் எதையும் காலம் குறித்துச் சொல்ல வேண்டுமானால் அவருக்கு ஒரே கணக்குதான் இருந்தது: "அது சங்கத்துக்கு முன்னாடி", "இது சங்கம் வந்தப்புறம்". என் பெரியப்பா பிறந்தது சங்கம் வந்த மறு தாளடியில்; பெரிய அத்தை பிறந்தது அதற்கும் முன்னால். பள்ளியில் சேர்க்கும்போது இருவருக்கும் தலைமையாசிரியர் தாமாக ஒரு தேதி போட்டுக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

சங்கம் வந்து என்ன மாறியது என்று நான் கல்லூரியில் படித்த நாட்களில் அவரிடம் கேட்டேன். சவுக்கடி நின்றது என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அந்த வயதில் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவர், "மரக்கா ஒண்ணாச்சு பாப்பா" என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. பிறகு அவரே விளக்கினார். பண்ணையில் இரண்டு மரக்கால்கள் இருந்தன. குத்தகை நெல்லை வாங்கி அளப்பது பெரியது. கூலி நெல்லை அளந்து போடுவது சிறியது. வாங்கும்போது குவித்து அளப்பார்கள், கொடுக்கும்போது தலை தட்டி அளப்பார்கள். கொடுக்கும் நெல்லும் களத்து ஓரத்தில் கிடக்கும் கருக்காய் கலந்ததாக இருக்கும். அளப்பவர் முதல் மரக்காலை "ஒன்று" என்று சொல்லாமல் "லாபம்" என்று சொல்லித் தொடங்குவார்; அது தமிழ்நாடெங்கும் உள்ள வழக்கம்தான், ஆனால் எங்கள் களத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் எதையும் யாரும் தேட வேண்டியிருக்கவில்லை. முத்திரை போட்ட மரக்காலில்தான் கூலி அளக்க வேண்டும் என்பது சங்கத்தின் முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று. மேடையில் பேசுகிறவர்கள் இதை அரை நிமிடத்தில் கடந்துவிடுகிறார்கள். சவுக்கடியைப் பற்றிப் பேசினால் கூட்டம் உணர்ச்சிவசப்படும். மரக்காலைப் பற்றிப் பேசினால் கொட்டாவி விடும்.

நான் பணிக்காலம் முழுவதும் நெல் கொள்முதல் நிலையங்களில் பட்டியல் எழுத்தராக இருந்தவள். ஈரப்பதம் பார்ப்பதும் மூட்டையைத் தராசில் ஏற்றுவதும் எடையைப் பட்டியலில் எழுதுவதும்தான் என் வாழ்க்கை. தராசின் முள்ளைப் பார்க்கும் விவசாயியின் முகத்தை முப்பது ஆண்டுகள் பார்த்திருக்கிறேன். எடை போடும் இடத்தில் நிற்கும் மனிதன் தன்னை ஏமாற்றுகிறார்களா என்று வாய்விட்டுக் கேட்க முடிந்தால், அவனைப் பிறகு அடிப்பது எளிதல்ல. அப்பாயி சொன்னது எனக்கு அங்கேதான் புரிந்தது. சவுக்கடிக்கு முன்பு மரக்கால் வந்ததா, பின்பு வந்ததா என்ற வரலாற்றுக் கேள்விக்கு நான் போகவில்லை. களத்தில் எல்லோர் முன்னிலும் "அந்த மரக்காலைக் கொண்டு வா" என்று ஒரு பெண் சொல்ல முடிந்த நாளைத்தான் அவர் சங்கம் வந்த நாள் என்று எண்ணினார்.

அவர் வைத்திருந்த அந்த இரும்புப் பட்டை போட்ட மரக்கால் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது. முத்திரையும் இருக்கிறது. விழாவன்று அதைக் கல்வெட்டுக்கு அருகில் வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 9

கல்வெட்டில் "அடித்தால் திருப்பி அடி" என்று பொறிக்க வேண்டும் என இளைஞர்கள் கேட்கிறார்கள். சீனிவாசராவ் பேச்சுகளில் அதிகம் நினைவுகூரப்படுவது அதுதான் என்பதை மறுக்கவில்லை. அடி வாங்குவதே இயல்பு என்று வளர்க்கப்பட்ட ஒருவனுக்கு அந்த மூன்று சொற்கள் எவ்வளவு பெரியவை என்பதை அடி வாங்காத நாம் அளக்க முடியாது.

ஆனாலும் அது கல்லில் தனியாக நின்றால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் செய்த வேலையின் பெரும்பகுதி திருப்பி அடிக்கச் சொன்னதில் இல்லை; இரவில் சேரி சேரியாக நடந்து போனதிலும், கிளை அமைத்ததிலும், குத்தகைதாரரையும் பண்ணையாளையும் ஒரே சங்கத்தில் உட்கார வைத்ததிலும், பிறகு மிராசுதார்களை மேசைக்கு எதிரே உட்கார வைத்துக் கையெழுத்து வாங்கியதிலும் இருக்கிறது. குத்தகைதாரர் பலர் சாதி இந்துக்கள். பண்ணையாட்கள் பெரும்பாலும் தலித்துகள். அந்த இருவரையும் ஒரே பாயில் அமர்த்துவது, மிராசுதாரை எதிர்ப்பதைவிடக் கடினமாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அந்தப் பாய் பிறகு எத்தனை ஊர்களில் மறுபடியும் இரண்டாக மடிந்தது என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

செப்டம்பர் 9, சற்றுப் பிறகு

மேலே உள்ளதைப் படித்த என் தம்பி மகன், "அத்தை, நீங்கள் தலைவரைக் கணக்குப்பிள்ளை ஆக்கிவிட்டீர்கள்" என்கிறான். பட்டியல் எழுத்தருக்கு உலகம் அப்படித்தான் தெரியும்.

செப்டம்பர் 13

1952-க்கு வருகிறேன், ஏனெனில் "ராஜாஜி கொடுத்த சட்டம், இதில் சங்கத்துக்கு என்ன பெருமை" என்று வேறொருவர் கேட்டிருக்கிறார்.

1948-இல் தொடங்கிய அடக்குமுறைக் காலத்தில் சங்கம் கிட்டத்தட்ட நொறுக்கப்பட்டது. தலைவர்கள் தலைமறைவானார்கள். சங்கத் தலைவர்களில் ஒருவரான களப்பால் குப்பு 1948-இல் திருச்சிச் சிறையிலேயே இறந்தார். நஞ்சு வைத்துக் கொன்றார்கள் என்பது இயக்கத்தவர் இன்றுவரை சொல்வது. மலேயாவுக்குப் பிழைக்கப் போய்த் திரும்பி வந்த வாட்டாக்குடி இரணியனும், ஜாம்பவானோடை சிவராமனும் 1950-இல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1952 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் தஞ்சை மாவட்டத்தில் இடங்களை வென்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ராஜாஜி அரசு தஞ்சாவூர் சாகுபடியாளர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர் அது சட்டமாயிற்று. குத்தகைதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றும், பண்ணையாளைக் காரணமின்றி நீக்கக்கூடாது என்றும், அவனுக்குரிய கூலி இவ்வளவு என்றும் அரசாங்கமே அச்சிட்டுச் சொல்லிற்று. ராஜாஜி கம்யூனிஸ்டுகளைத் தம் முதல் எதிரி என்று வெளிப்படையாகச் சொன்னவர். அந்த எதிரி இல்லாதிருந்தால் அந்தச் சட்டம் அந்த ஆண்டில் வந்திருக்காது. கொடுத்தவர் கையெழுத்தை மறைக்க வேண்டாம். கேட்டவர் குரலையும் மறைக்க வேண்டாம்.

இந்தச் சட்டத்தால் தஞ்சையின் பண்ணையாட்கள் அனைவருக்கும் பாதுகாப்புக் கிடைத்தது.

செப்டம்பர் 14

நேற்றைய கடைசி வரி தவறு. அழிக்காமல் விடுகிறேன், நான் எவ்வளவு எளிதாக மேடைப் பேச்சுக்கு வழுக்கிவிடுகிறேன் என்பதற்கு அது சாட்சியாக இருக்கட்டும்.

பண்ணையாள் பற்றிய விதிகள் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல், அதாவது சுமார் 6⅔ ஏக்கருக்கு மேல், நிலம் வைத்திருந்த உடைமையாளர்களுக்கே பொருந்தின. அதற்குக் குறைந்தவர்களிடம் வேலை செய்தவர்கள் சட்டத்துக்கு வெளியே நின்றார்கள். பெரிய மிராசுதார்களுக்கும் வழி தெரியாமல் இல்லை. மைத்துனன் பெயரிலும் மருமகன் பெயரிலும் நிலம் பிரிந்தது. என் தாத்தா வேலை செய்த பண்ணை, பெயரைச் சொல்ல விரும்பவில்லை, சட்டம் வந்த அடுத்த சாகுபடியில் "இனி நீ பண்ணையாள் இல்லை, வந்த நாளுக்குக் கூலி" என்று சொல்லிவிட்டது. பண்ணையாள் முறை தஞ்சையில் ஒழிந்ததற்குச் சட்டம் ஒரு காரணம் என்றால், சட்டத்திலிருந்து தப்பிக்க மிராசுதார்கள் பண்ணையாட்களைத் தினக்கூலிகளாக மாற்றியது இன்னொரு காரணம். தாத்தா அடிமைத்தனத்திலிருந்தும் வேலையிலிருந்தும் ஒரே நாளில் விடுபட்டார். அப்பாயி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்; தாத்தா சிரித்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 17

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன். வெளியிலிருந்து வந்தவருக்கு ஏன் விழா?

செப்டம்பர் 3-இல் எழுதியதை இப்போது படித்தால், நான் கேள்வியைத் தவிர்த்திருப்பது தெரிகிறது. "ஓராண்டில் நிறுத்தினார்" என்ற தொனியில் எழுதியிருக்கிறேன். அவர் நிறுத்தவில்லை. அவர் வந்தபின் அவர்கள் நிறுத்தினார்கள். வெளியிலிருந்து வருகிறவருக்கு இருந்த வசதியைக் குறைத்துச் சொல்லவும் முடியாது. அவருக்குச் சேரியில் குடிசை இல்லை, பிடுங்குவதற்கு. அவருக்கு மிராசுதாரிடம் கல்யாணக் கடன் இல்லை. பிராமணப் பிறப்பு கொண்ட ஒருவர் சேரித் திண்ணையில் அமர்ந்து கூழ் குடித்தால் அது ஊர் முழுதும் செய்தி. ஒரு பண்ணையாள் தன் வீட்டில் கூட்டம் நடத்தினால் மறுநாள் அந்த வீடு இருக்காது. அந்த மறுநாளைத் தெரிந்துகொண்டே வீட்டைக் கொடுத்தவர்கள்தான் சங்கம். தென்பரையிலும் களப்பாலிலும் நூற்றுக்கணக்கில் அப்படிப்பட்டவர்கள் இருந்திருக்க வேண்டும். அவர்களில் குப்புவின் பெயர் நமக்குத் தெரியும், இன்னும் சிலரின் பெயர் தெரியும், மற்றவர்கள் கூட்டமாகவே நினைவில் இருக்கிறார்கள்.

ஆகவே வாசகரின் பாதி நியாயம் எது என்று இப்போது சொல்ல முடிகிறது. சீனிவாசராவ் பெயரை எடுக்க வேண்டியதில்லை. அவர் பெயர் தனியாக நிற்கக்கூடாது.

இதில் பெண்களின் நிலை இன்னும் மோசம். மணலூர் மணியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். இளம் வயதில் கணவனை இழந்த பிராமணப் பெண். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு, வேட்டியும் சட்டையும் அணிந்து, திருவாரூர் வட்டாரத்தில் பண்ணையாட்களுக்காகப் போராடியவர். வெளியார், பிராமணர் என்று சொல்லித் தள்ளினால் அவரும் போய்விடுவார். உள்ளூர், தலித் என்று சொல்லித் தேடினால் நடவுப் பெண்களில் எத்தனை பேரின் பெயர் கிடைக்கிறது? என் அப்பாயியின் பெயரையே நான் இதுவரை இங்கே எழுதவில்லை என்பதை இந்த வரியை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

செப்டம்பர் 20

"சங்கம் எல்லாவற்றையும் மாற்றியது என்றால் கீழ்வெண்மணி எப்படி நடந்தது?" என்ற கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது.

எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் சொல்லவில்லை. சீனிவாசராவ் இறந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டும் செங்கொடியை இறக்க மறுத்தும் நின்ற ஊரில், ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-இல் உயர் நீதிமன்றம் விடுவித்தது. நியாயக் கூலிச் சட்டம் 1969-இல் வந்தது. அந்த 44 பேருக்குப் பிறகுதான் வந்தது.

சவுக்கடி நின்ற ஊர்களில் நெருப்பு வந்ததைச் சங்கத்தின் தோல்வி என்று சொல்வோர் உண்டு. களத்தில் நின்று கூடுதலாகக் கேட்கக் கற்றுக்கொண்டவர்களை வேறு எப்படியும் பணிய வைக்க முடியாமல் போனதால்தான் நெருப்பு வந்தது என்று நான் நினைக்கிறேன். இப்படிச் சொல்வது இறந்தவர்களுக்கு ஆறுதல் ஆகாது என்பதும் தெரியும். இதைப் பற்றி நான் இதற்கு மேல் வாதாட மாட்டேன்.

செப்டம்பர் 24

அவருடைய கடைசி நாட்களைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். 1961-இல் நில உச்சவரம்பு மசோதா சட்டமன்றத்தில் இருந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (நிலத்தின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்பது உச்சவரம்பு. அதற்கும் மேல் விலக்குகள். காவிரிப் பாசன நிலத்தில் 30 தர ஏக்கர் என்பது எவ்வளவு என்று நாற்று நட்டவர்களுக்குத் தெரியும். அந்த ஓட்டைகளை எதிர்த்துச் செப்டம்பரில் மறியல் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள். மறியலை நடத்தி அலைந்துகொண்டிருந்த நிலையில், செப்டம்பர் 30 அன்று சீனிவாசராவ் இறந்தார். அவர் 1907-இல் பிறந்தவர், அறுபதைக்கூட எட்டவில்லை. நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. வந்த ஊரிலேயே மண்ணானவரை எத்தனை ஆண்டுகளுக்கு வெளியூரார் என்று சொல்வது?

உச்சவரம்பு 1970-இல் 15 தர ஏக்கராகக் குறைக்கப்பட்டது. அதனால் எங்கள் குடும்பத்துக்கு ஒரு குழி நிலமும் வரவில்லை. எங்களுக்கு வந்தது 1971-ஆம் ஆண்டின் குடியிருப்பு மனைச் சட்டம். தாத்தாவின் குடிசை நின்ற மனைக்கட்டு அதன்படி அவர் பெயருக்கு வந்தது. "வீட்டை விட்டுப் போ" என்று சொல்ல இனி யாருக்கும் அதிகாரமில்லை என்பதை அவர் முழுதாக நம்பவில்லை. பட்டாவை மடித்து மடித்து, அது மடிப்பில் கிழிந்து, பிறகு அரிசிக் கஞ்சியால் ஒட்டி வைத்திருந்தார். சட்டத்தைக் கொண்டுவந்த அரசு வேறு, கட்சி வேறு. ஆனால் மனைக்கட்டு உரிமை சங்கம் பல ஆண்டுகளாகக் கேட்டுவந்தது என்பதால் அப்பாயியின் கணக்கில் அதுவும் "சங்கம் வந்தப்புறம்" வகைதான். வரலாற்றாசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார். நான் திருத்தப் போவதுமில்லை.

செப்டம்பர் 30

கல் வரவில்லை. செதுக்குபவர் 1944 என்பதை 1994 என்று செதுக்கிவிட்டாராம், மறுபடியும் தேய்த்துக்கொண்டிருக்கிறார். கொடியேற்றி, படத்துக்கு மாலை போட்டு, மூவர் பேசினார்கள். ஒருவர் ஒப்பந்தத்தை 1948 என்றார். நான் கூட்டத்தில் இருந்து "44" என்று சொன்னேன். அவர் அதை இறந்தவர்களின் எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு கீழ்வெண்மணிக்குப் போய்விட்டார்.

மரக்காலைக் கொண்டு போயிருந்தேன். குழந்தைகள் அதில் மிட்டாய் போட்டுவிட்டார்கள். நான் தடுக்கவில்லை.

அக்டோபர் 2

ஒரு திருத்தம், இதுவரை செய்தவற்றில் எனக்கு மிகவும் வெட்கம் தருவது.

விழாவுக்கு வந்திருந்த என் சின்ன அத்தை மரக்காலைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது எங்கம்மா வாங்குனது இல்ல, நான் வாங்கிக் குடுத்தது" என்றார். அத்தைக்குக் கல்யாணமாகி, புகுந்த வீட்டில் நெல் விற்கத் தொடங்கிய பிறகு சந்தையில் வாங்கியதாம். முத்திரையை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தோம். லிட்டர் என்று எழுதியிருக்கிறது. மெட்ரிக் அளவுகள் நடைமுறைக்கு வந்த பின்னர் செய்யப்பட்டது. 1944-இன் களத்துக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. முப்பது ஆண்டுகள் முத்திரையையும் எடையையும் பார்த்தே சம்பளம் வாங்கிய நான், என் வீட்டு மரக்காலின் முத்திரையை ஒருநாளும் படித்ததில்லை.

அப்படியானால் சங்கத்து மரக்கால் எங்கே என்று அத்தையிடம் கேட்டேன். "அது பண்ணையிலல்ல இருக்கும்? நம்ம வீட்ல அளக்க நெல்லு எங்க இருந்துச்சு?" என்றார். இந்த எளிய விஷயம் எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை. அளவை மாற்றச் சொன்னவர்கள் எங்கள் வீட்டார். மாற்றிய மரக்கால் களத்துக்குச் சொந்தக்காரரிடம்தான் இருந்திருக்கும்.

செப்டம்பர் 7-இல் எழுதியதில் அப்பாயி சொன்னது அப்படியே நிற்கிறது. இரும்புப் பட்டை பற்றிய இரண்டு வரிகளை மட்டும் நீக்கிவிட்டுப் படியுங்கள்.

அக்டோபர் 5

கல் தாமதமானதில் ஒரு நன்மை. என்ன எழுதுவது என்று மறுபடியும் உட்கார்ந்தோம். இப்போது முடிவானது இது: மேலே பி. சீனிவாசராவ் பெயரும் 1907–1961 என்ற ஆண்டுகளும். அதன் கீழே, "சவுக்கடி, சாணிப்பால் ஒழிப்பு, முத்திரை மரக்காலில் கூலி" என்று ஒரே வரி. "திருப்பி அடி" இல்லை என்பதில் இளைஞர்களுக்கு வருத்தம். அதைக் கல்லின் பின்புறத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறேன். எழுத்துக் கூலி அவர்களுடையது.

முன்புறத்தில் கீழ்ப்பாதி காலியாக இருக்கும். எங்கள் தெருவில் சங்கத்தில் முதலில் சேர்ந்தவர்களின் பெயர்களுக்காக விட்ட இடம். வாசகர் கேட்டிராவிட்டால் அந்த இடத்தில் நன்கொடையாளர் பட்டியல் வந்திருக்கும். இதுவரை ஒன்பது பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெண்கள் இருவர், ஒருவர் என் அப்பாயி அஞ்சலை. அவருடன் நடவுக்குப் போன ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார்; மகள் வீட்டில், அடுத்த ஊரில். காது சரியாகக் கேட்காது, மதியத்துக்கு மேல் தூங்கிவிடுவார் என்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குள் போய்விட வேண்டும் என்று அத்தை சொல்லியிருக்கிறார். உரக்கப் பேசுவது அத்தையின் வேலை. எழுதிக்கொள்வது என் வேலை.